ஓடாவிகளின் ஊர்: வல்வெட்டித்துறையின் பாய்மரக் காலம்

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலத்துக் (1837-1901) கப்பல் கட்டும் ஊர் என்றதும், வரலாறு பயின்றோர்க்கு இங்கிலாந்தின் சந்தர்லாந்தோ ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையோதான் நினைவுக்கு வரும். இரும்புத் தகடு, உலைக்களம், புகைபோக்கி என அவ்வூர்களின் வாழ்க்கை ஏராளமான நூல்களில் பதிவாகியுள்ளது. அதே காலத்தில் தமிழ் பேசும் ஊரொன்றும் கடல் கடக்கும் கலங்களைக் கட்டிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையிலுள்ள வல்வெட்டித்துறையே அது.

அங்கே ஆழ்துறைமுகம் கிடையாது; கடற்கரை மணலே கட்டுதளம். வேம்பு, இலுப்பை முதலிய மரங்களை ஓடாவிகள் தேர்ந்தெடுத்தனர். கலத்தின் விலாச் சட்டங்களுக்கு இயல்பாகவே வளைந்த கிளைகள் பயன்பட்டன. பலகைகளின் இடுக்குகளில் திரி அடைத்து, நீர் புகாதபடி பூசிமெழுகும் 'கலப்பத்து' வேலைக்குத் தனித்தேர்ச்சி வேண்டும். கட்டிய கலத்தைக் கடலில் செலுத்துபவர் தண்டையல். கப்பலுடைமையாளரின் செல்வம் கோயிற்பணிக்கும் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்த வல்வெட்டித்துறைச் சிவன் கோயில், திருமேனியார் வெங்கடாசலம்பிள்ளை என்ற கப்பலுடைமையாளர் எடுப்பித்ததாகும்.

அவ்வூரின் நாட்காட்டியை எழுதியது காற்று. சோழகக் காற்றில் பாய்விரித்து வடகிழக்கே பர்மா நோக்கிச் சென்றவை, வாடைக்காற்றில் அரிசியோடு திரும்பலாம். 1852இல் கீழ்ப்பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றியபின் இரங்கூன் அரிசி வணிகம் பெருகியது. யாழ்ப்பாணப் புகையிலையும் பனம்பொருள்களும் இங்கிருந்து வெளியூர் சென்றன.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் பெருகின. அப்போதே பாய்மரம் அழிந்திருக்க வேண்டுமல்லவா? அழியவில்லை. பாக்கு நீரிணை ஆழமற்றது. பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றியே செல்ல வேண்டியிருந்தது. சிறுகலங்களோ பாம்பன் கால்வாய் வழியே நுழைந்து, சிறிய துறைகளிலும் சரக்கிறக்கின. கடலின் ஆழக்குறைவே ஒரு தொழிலைக் காத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

அத்தொழிலின் திறத்துக்குச் சான்று 'அன்னபூரணி'. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 89 அடி நீளமுள்ள இருபாய்மரக் கப்பல் இது. உலகைச் சிறுபடகில் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இதனை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே உடன் செல்ல, அது 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டரை அடைந்தது. நீராவியின் நாட்டில் பாய்விரித்துச் சென்று நின்ற தமிழ்க்கலம்!

1947-48இல் இந்தியாவும் இலங்கையும் பர்மாவும் தனித்தனி நாடுகளாயின. காற்றையொட்டிய பழைய வழிகளில் எல்லைகளும் சுங்கமும் குறுக்கிட்டன. பின்னர் 1983 முதல் 2009 வரை நீண்ட போர் அக்கரையை வாட்டியது.

சந்தர்லாந்திலும் கப்பல் தொழில் 1988இல் முடிவுற்றது. ஆயினும் அங்கே 1864இல் கட்டிய 'சிட்டி ஆஃப் அடிலெய்டு' மீட்கப்பட்டு, 2014 முதல் ஆஸ்திரேலியாவில் காட்சிக்கு நிற்கிறது. தொழில் மடிந்தாலும் நினைவு மடியாமலிருக்க அவர்கள் வழிசெய்துள்ளனர். நம்மிடமும் எழுத்துமரபு இல்லாமலில்லை. 'கப்பல் சாத்திரம்' என்னும் பழஞ்சுவடி 1950இல் சென்னையில் அச்சேறியது. மரத்தின் குற்றங்குறைகளையும் அளவுகளையும் அது பேசுகிறது. ஆனால் ஓடாவியின் கை அறிந்ததைச் சூத்திரம் முழுதும் சொல்லிவிட முடியாது. பலகை எவ்வளவு வளையும் என்பதை விரல்களே அறியும். மகன் வேறு தொழிலுக்குப் போனால் அவ்வறிவு அத்தலைமுறையோடு நின்றுவிடும்.

இதைக் கடலோரத்துச் சோகமென்று, கடலுக்கு வெகு தொலைவில் வாழும் சூளகிரிக்காரர்களாகிய நாம் ஒதுக்கிவிட இயலாது. 1970கள் தொடங்கி ஓசூரைச் சுற்றி வளர்ந்த தொழிற்சாலைகளில், உலோகம் அறுபடும் ஓசையைக் கேட்டே கருவியின் தேய்மானத்தைச் சொல்லும் லேத் தொழிலாளர் உண்டு. அவர்களுடைய அறிவை எந்தக் கோப்பும் பதிவதில்லை. தமிழ் பயிலும் மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களை அணுகலாம். அவர்கள் வழங்கும் சொற்களையாவது தொகுக்கலாம். வல்வெட்டித்துறையின் முதியோரிடமும் இப்பணி விரைந்து நடைபெற வேண்டும். கேட்பதற்கு ஆள் வரும்வரை அந்த நினைவுகள் காத்திருக்கப் போவதில்லை.