வட்டியும் கடகமும்

ஒருவர் மற்றொருவருக்குப் பொருள் ஈயுங்கால் இரண்டு பொருள்கள் கைமாறுகின்றன. ஒன்று ஈயப்படும் பொருள். மற்றையது அதனைத் தாங்கிச் செல்லும் கலம். தமிழர் கொடையைப் பற்றி ஆராய்ந்தோர் பெரும்பாலும் முன்னதையே நோக்கினர். புரவலர் ஈந்த யானையும் தேரும் பொற்றாமரையும் பலராலும் பேசப்பட்டன. மனைவாயிலில் நாடோறும் நிகழ்ந்த சிறுகொடையும், அதனைச் சுமந்த ஓலைப்பெட்டியும் அத்துணைப் பேசப்பட்டில. ஆயினும் ஒரு சமுதாயத்தின் அன்றாட ஒழுக்கத்தை அறிதற்கு இவையே சிறந்த சான்றுகளாம்.

ஐங்குறுநூற்றின் மருதத்தைப் பாடியவர் ஓரம்போகியார். அதன் 47ஆம் பாட்டிற் பாண்மகள் ஒருத்தி அகன்ற வட்டியிற் கெடிற்றுமீன் கொணர்ந்து சொரிகின்றாள். மனையோள் அவ்வட்டி நிறையப் பயறு பெய்கின்றாள். புறநானூற்றின் 33ஆம் பாட்டிலும் இத்தகைய காட்சியொன்று உண்டு. சோழன் நலங்கிள்ளியைப் பாடும் கோவூர்கிழார், வேட்டுவன் மான்தசையை வட்டியிலும், ஆய்மகள் தயிரைத் தசும்பிலும் கொண்டு வருதலையும், உழவர் மனைப் பெண்டிர் வெண்ணெல்லை முகந்து கொடுத்தலையும், வந்தோர் உவந்து மீளுதலையும் கூறுகின்றார். வட்டி என்பது கடகப்பெட்டி. நிறைந்து வந்த பெட்டி நிறைந்தே திரும்பிற்று என்பது இக்காட்சிகளின் உட்கிடை.

இது வெறும் பண்டமாற்றேயன்றோ எனின், அவ்வளவில் அமைதல் பொருந்தாது. பண்டமாற்று எத்தகையது என்பதைச் சங்கநூல்களே வேறிடத்துக் காட்டுகின்றன. அகநானூற்று 140ஆம் பாட்டில் உப்பு விற்கும் உமணர் மகள், நெல்லுக்கு உப்பு நேர் என்று விலை கூறுகின்றாள். அங்கு அளவு முன்னரே உரைக்கப்படுகின்றது. மருதத்து மனைவாயிலிலோ விலை கூறுவாரும் இல்லை, நிறுப்பாரும் இல்லை. கொணர்ந்த கலமே அளவாக, அது நிறைதலே முறையாக அமைகின்றது. எனவே இதனை வாணிகத்திற்கும் கொடைக்கும் இடைப்பட்டதோர் உறவெனக் கொள்ளுதல் தகும்.

கொடைக்குரிய இலக்கணம் பொருளின் பெருமையன்று என்பதைப் புறநானூற்று 208ஆம் பாட்டு வலியுறுத்துகின்றது. பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றபோது, அவன் அவரைக் காணாமலே பரிசில் விடுத்தான். புலவர் அதனை ஏற்றிலர். தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தம் தகுதியறிந்து விடுப்பின் தினையளவே ஆயினும் அஃது இனிது என்றும் உரைத்தார். வறுமை வருத்திய காலத்தும் அவர் இவ்வாறு மறுத்தமை கருதத்தக்கது. பெறுவோரை எண்ணாது ஈவது கொடையாகாது என்பதே அவர் துணிபு.

இவ்வழக்கின் சாயலை யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காணலாம். இங்குப் பொருள் பொதியும் கலங்கள் பலவற்றைத் தந்தது பனை. குருத்தோலையால் இழைத்த பெட்டியும், நாரால் வலியுறுத்திய கடகமும், பனங்கட்டி வார்க்கும் குட்டானும், வெற்றிலையும் காசும் வைக்கும் கொட்டைப்பெட்டியும் பனையின் கொடைகள். வில்லியம் பெர்குசன் 1850ஆம் ஆண்டிற் பனையைப் பற்றித் தனிநூல் வரைந்தார். 801 பயன்களைக் கூறும் தாலவிலாசம் என்னும் தமிழ்ச் செய்யுளை அவர் அதிற் குறிப்பிட்டுள்ளார்.

பொங்கலுக்கும் ஆடிப்பிறப்பிற்கும் பலகாரம் அயல்வீடு செல்லும். கலத்தை வெறிதாகத் திருப்புதல் முறையன்று. சில காய்களோ, சிறிது அரிசியோ, சீனியோ இட்டே கொடுப்பர். ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்திய தேசவழமைத் தொகுப்புச் சீதனத்தையும் நன்கொடையையும் வரையறுத்தது. பெட்டியிற் சென்று பெட்டியில் மீண்ட இச்சிறுகொடைகளுக்கோ சட்டம் வேண்டப்படவில்லை. வெறும் பெட்டியைக் கொடுக்க நாணிய உள்ளமே சட்டமாயிற்று.

இவ்வழக்குத் தளர்ந்தமைக்குக் காரணம் மனமாற்றம் மட்டுமன்று. கலத்தின் மாற்றமும் ஆகும். 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் கண்டறியப்பட்ட பொலித்தீன், பின்னர் உலகெங்கும் மலிந்த பொதிபொருளாயிற்று. அது விலை குறைந்தது, நீர் புகாதது, ஆதலின் மக்கள் அதனை விரும்பியதிற் குற்றமில்லை. ஆனால் அதனைத் திருப்பிக் கொடுப்பார் இல்லை. ஓலைப்பெட்டி பழுதுற்றபின் மண்ணோடு மண்ணாகும். பொலித்தீனோ வாய்க்காலை அடைத்துக் கிடக்கும். இலங்கை அரசு 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம் பொலித்தீன் உணவுத்தாள் முதலியவற்றைத் தடைசெய்தமைக்கு இத்தீங்கே காரணம். பனைசார் தொழில்களைப் பேணுதற்கெனப் பனை அபிவிருத்திச் சபை 1978ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டிருந்தது.

தடையினால் ஒரு பொருளை விலக்கலாம். ஒரு வழக்கத்தை உயிர்ப்பித்தல் அரிது. மின்னும் தாளிற் பொதிந்த பரிசு திறந்த அளவில் அதன் உறை குப்பையாகின்றது. அதனோடு கொடையும் முடிவுறுகின்றது. கடகத்திற் சென்ற கொடையோ முடிவதில்லை. கடகம் மீளவேண்டும், மீளுங்கால் நிறைந்திருத்தல் வேண்டும், அதன்பொருட்டு ஒரு வீட்டார் மற்றை வீட்டாரை மீண்டும் நினைத்தல் வேண்டும். பாண்மகளின் வட்டி முதல் அயல்வீட்டுக் கடகம் வரை காணப்படும் சிறப்பு, இந்நினைவைக் கலத்தின் வழியே காத்தமையேயாம்.