கணக்கு மாத்திரை

போன மாசம் வடமதுரையிலிருந்து அக்கா போன் பண்ணுச்சு. "தம்பி, பையனுக்கு ஏடிஎச்டின்னு சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்கடா. கொடுக்கவா, வேணாமா?" பையனுக்கு எட்டு வயசு. தாயத்து கட்டியாச்சு, வேப்பிலை அடிச்சாச்சு, ஸ்கூல்ல முட்டி போட வச்சும் பார்த்துட்டாங்க. இப்ப மாத்திரைன்னதும் அம்மா ஒரே அழுகை.

அக்காகிட்ட நான் சொன்ன கதைதான் இன்னைக்கு.

1937. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் குழந்தைகளுக்கான ஒரு மனநல மருத்துவமனை. மூளையை எக்ஸ்ரே எடுக்க, முதுகுத்தண்டு நீரை வெளியே எடுப்பார்கள். அதுக்கப்புறம் பிள்ளைகளுக்குப் பயங்கரத் தலைவலி. டாக்டர் சார்லஸ் பிராட்லி அதுக்குத்தான் பென்சிட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெருசா குறையல. ஆனா சில பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து பாடம் படிக்க ஆரம்பிச்சாங்க! உடனே 30 பேருக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார். 14 பேர் படிப்பில் பெரிய மாற்றம். மருந்தை நிறுத்தினதும் பழைய கதை. அந்தப் பிள்ளைகளே அதுக்கு வச்ச பேர்தான் 'கணக்கு மாத்திரை'.

துறுதுறுன்னு இருக்கிறவனுக்கு ஊக்க மருந்து கொடுத்தா எப்படி அடங்குவான்? எனக்கும் முதல்ல புரியல. கவனத்தைப் பிடிச்சு வைக்கிற மூளைப் பகுதிக்கு டோபமைன் கொஞ்சம் கூடுதலா கிடைக்குது, அவ்வளவுதான். அடக்குற மருந்து இல்ல இது.

பிறகு 1944இல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்பெனிடேட்டை உருவாக்கினார். மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா; மருந்தின் பெயர் ரிட்டாலின். அக்கா கையில் இருந்த சீட்டில் எழுதியிருந்ததும் அதே மெத்தில்பெனிடேட்தான். நம்ம நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிற மருந்து. ஊர் மெடிக்கல்ல கிடைக்கல, மதுரைக்குப் போய்த்தான் வாங்கினாங்க.

மாத்திரையா, பயிற்சியா? 1999இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 579 பிள்ளைகள், 14 மாதம். கவனக்குறைவுக்கும் துறுதுறுப்புக்கும், பயிற்சியை மட்டும்விட, கவனமா அளவு பார்த்துக் கொடுத்த மருந்து கூடுதலா உதவியது. ரெண்டையும் சேர்த்தப்போ குறைந்த அளவு மருந்தே போதுமா இருந்தது. ஆனா மூணாவது வருஷம் பார்த்தா குழுக்களுக்கு இடையே வித்தியாசம் இல்ல. இதையும் அக்காகிட்ட மறைக்கல. பசி குறையும், தூக்கம் கெடலாம்னும் சொன்னேன். ஆறு வயசுக்குக் கீழேன்னா முதல்ல பெற்றோருக்குத்தான் பயிற்சி.

அக்கா இப்போ ஒரு நோட்டு போட்டிருக்கு. காலையில் சாப்பாட்டோடு மாத்திரை, மத்தியானம் எவ்வளவு சாப்பிட்டான், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான், டீச்சர் என்ன சொன்னாங்க. திங்கட்கிழமை நோட்டோடு மதுரை டாக்டர்கிட்ட போகுது. அம்மாவும் கூடப் போறாங்களாம்.