பூட்டிய எழுத்தும் பொதுக் குறியேற்றமும்

1985-இல் முத்து நெடுமாறன் மலேசியாவில் முரசு அஞ்சலை உருவாக்கத் தொடங்கினார். பின்னர்ப் பலரும் வெளியிட்ட தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் தத்தமக்கெனத் தனிக் குறியேற்றமே கொண்டிருந்தன. பந்திங்கில் ஓராசிரியர் தட்டெழுதிய பாடத்தைக் கிள்ளானில் ஒருவர் படிக்க, அதே எழுத்துரு அவரிடமும் இருத்தல் வேண்டும். வாங்க இயலாதார்க்கு உரிமமின்றிப் படியெடுத்தலே எளிய வழியாயிற்று.

1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களைக் காத்தது. ஆயினும் இத்தேவையை அது நீக்கவில்லை. நீக்கியது பொதுக் குறியேற்றமே. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழ்க் கணினியாளர் மின்னஞ்சல்வழிக் கலந்து திஸ்கியை வகுத்தனர். 1998-இல் தோன்றிய மதுரைத் திட்டம் அதில் இலக்கியங்களை இலவசமாக வழங்கியது. பின்னர் ஒருங்குறி நிலைபெற்றது.

எழுத்துருவின் வடிவம் படைத்தவர்க்கு உரியது. அவருழைப்புக்கு ஊதியம் வேண்டும். குறியேற்றமோ மொழியினர் அனைவர்க்கும் பொது. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் நம் கடமையாகும்.