ஆட்டிசம் உதவித் தரவு (ஆஸ்திரேலியா)

ஆஸ்திரேலியாவில் அரசின் மாற்றுத்திறனாளி உதவியைப் பெறுவோரில் ஆட்டிசம் உள்ளவர்கள் எத்தனை பேர், எந்தப் பகுதியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதில் செலவானது எவ்வளவு என்ற விவரங்களே இங்கு ஆட்டிசம் உதவித் தரவு எனப்படுகின்றன. இதில் பெரும்பகுதி ஒரே ஊற்றிலிருந்து வருகிறது: சுருக்கமாக என்.டி.ஐ.எஸ். என்று அழைக்கப்படும் தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டம். 2013இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அவ்வாண்டு ஜூலை 1 அன்று சில பகுதிகளில் சோதனையாகத் தொடங்கிய இத்திட்டம், 2016 முதல் விரிந்து 2020இல் நாடு முழுவதையும் எட்டியது. இதை நடத்தும் முகமையான என்.டி.ஐ.ஏ.வின் தலைமையகம் விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங் நகரில் உள்ளது.

பெயரில் காப்பீடு என்று இருந்தாலும் யாரும் பிரீமியம் கட்டுவதில்லை. பணம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஆனாலும் அந்தச் சொல் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. திட்டத்துக்கு வரைவு தந்த, அரசின் ஆலோசனை அமைப்பான உற்பத்தித்திறன் ஆணையத்தின் 2011 அறிக்கை, ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஆகக்கூடிய செலவை முன்கூட்டியே மதிப்பிட்டு நடத்தும் காப்பீட்டு முறையைப் பரிந்துரைத்தது. திட்டத்துக்கென்று ஒரு காப்பீட்டுக் கணிப்பாளர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எனவே தலைகளை எண்ணுவதும் வகைபிரிப்பதும் இத்திட்டத்தின் பிறவிக் குணம். அந்தக் கணக்கை வெளியார் எவ்வளவு பார்க்கலாம் என்பதுதான் தொடக்கம் முதல் இழுபறியாக இருந்துவருகிறது.

வெளியிடப்படுவன

என்.டி.ஐ.எஸ். சட்டத்தின் 174ஆம் பிரிவு, முகமை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுத்திறனாளி நலத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களுக்கு அறிக்கை அளிக்க வேண்டும் என்கிறது. இந்தக் காலாண்டு அறிக்கைகள் பொதுமக்களுக்கும் வெளியாகின்றன. 2023 ஜூன் இறுதியில் திட்டத்தில் 6,10,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினருக்கு ஆட்டிசமே முதன்மைக் குறைபாடு. வேறெந்த வகையும் இந்த அளவை நெருங்கவில்லை.

அறிக்கைக்கு அப்பால் தரவுக் கோப்புகளும் தனியாகக் கிடைக்கின்றன. கணக்கு வைக்காமல், கட்டணமில்லாமல் யாரும் தரவிறக்கலாம். கோப்பைத் திறந்ததும் முதலில் திகைக்க வைப்பவை நெடுவரிசைத் தலைப்புகள்: ஆங்கிலச் சொற்களின் உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் உருவிவிட்டு மெய்யெழுத்துகளை நிறுத்தியிருப்பார்கள். பழகிவிட்டால் புரியும். ஒரு வரிசை என்பது மாநிலம், சேவை மாவட்டம், குறைபாட்டு வகை, வயதுப் பிரிவு, உதவியின் வகை, ஆட்களின் எண்ணிக்கை, ஓராண்டுக்குச் சராசரி ஒதுக்கீடு என்று நீளும். உள்ளாட்சிப் பகுதிவாரியாகவும் நாடாளுமன்றத் தொகுதிவாரியாகவும் தனிக் கோப்புகள் உண்டு. தொகுதிவாரிக் கோப்பை யார் விரும்பிப் படிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஒதுக்கீடும் செலவும் ஒன்றல்ல என்பதை இத்தரவைப் படிப்பவர் மறக்கக் கூடாது. ஒரு குழந்தையின் 'பிளான்' எனப்படும் தனிநபர் திட்டத்தில் பேச்சுப் பயிற்சிக்குத் தொகை எழுதப்பட்டிருக்கலாம். ஊரில் பயிற்சியாளர் இல்லையென்றால் அந்தப் பணம் எடுக்கப்படாமலே காலாவதியாகும். ஒதுக்கியதில் எத்தனை விழுக்காடு செலவானது என்பதைக் காட்டும் பயன்பாட்டு விகிதம் தனியாக வெளியாகிறது. தொலைதூர ஊர்களின் நிலையை அறிய, எண்ணிக்கை அட்டவணையைவிட இதுவே நல்ல சாட்சி.

எண்ணும் முறை

அட்டவணையில் 'ஆட்டிசம்' என்ற ஒற்றைச் சொல் பார்க்க எளிமையாக இருக்கும். அதற்குப் பின்னால் மூன்று சல்லடைகள் உள்ளன.

முதலாவது, ஒருவருக்கு ஒரே ஒரு முதன்மைக் குறைபாடுதான் பதியப்படும். அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் சேர்ந்தே உள்ள ஒருவருக்கு முன்னது முதன்மையாகப் பதிவாகியிருந்தால், தலைப்புச் செய்தியில் வரும் ஆட்டிசம் எண்ணிக்கையில் அவர் இல்லை. வளர்ச்சித் தாமதம் என்று சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகளும் அப்படியே. பின்னர் ஆட்டிசம் உறுதியானால்தான் வரிசை மாறுவார்கள்.

இரண்டாவது, நுழைவு விதி. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு ஆட்டிசத்தை, தேவைப்படும் உதவியின் அளவைக் கொண்டு மூன்று நிலைகளாகப் பிரித்தது. இரண்டாம், மூன்றாம் நிலை என்று தகுதியான மருத்துவரோ உளவியலாளரோ எழுதித் தந்தால் தகுதி பெரும்பாலும் கேள்வியின்றிக் கிடைக்கும் வகையில் முகமையின் பட்டியல் அமைந்தது. முதல் நிலை என்றால் அன்றாடச் செயல்களில் எவ்வளவு இடர்ப்பாடு என்பதைத் தனியே நிறுவ வேண்டும். சான்றிதழில் 1 என்று எழுதுவதா 2 என்று எழுதுவதா என்பதற்கு இப்படிப் பணமதிப்பு வந்துவிட்ட பிறகு, நிலைவாரி எண்ணிக்கை மருத்துவத்தை மட்டும் காட்டுகிறது என்று கொள்வது வெள்ளந்தித்தனம்.

மூன்றாவது, குடியுரிமை. குடிமக்கள், நிரந்தர வதிவுரிமை பெற்றோர், பாதுகாக்கப்பட்ட சிறப்பு வகை விசா உள்ள நியூசிலாந்தினர் ஆகியோருக்கே திட்டம் உரியது. தற்காலிக வேலை விசாவில் சிட்னியிலோ மெல்பர்னிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தின் குழந்தை, பக்கத்து வீட்டுக் குழந்தை செல்லும் அதே பயிற்சி நிலையத்துக்குச் சொந்தப் பணத்தில் போய்வரலாம்; இந்தத் தரவில் அக்குழந்தை கிடையாது.

ஒப்பிடுவதற்கு வேறொரு கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை நடத்தும் மாற்றுத்திறன், முதுமை, பராமரிப்பாளர் பற்றிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஆட்டிசம் உள்ளவர்கள் 2015இல் 1,64,000 பேர், 2018இல் 2,05,200 பேர், 2022இல் 2,90,900 பேர். உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் எண்ணும் முறை இது. இரண்டு கணக்கையும் அருகருகே வைத்தால், ஆட்டிசம் இருந்தும் திட்டத்துக்கு வெளியே இருப்போர் ஏராளம் என்பது தெரியும். கழித்து விடை எழுத மட்டும் முடியாது. ஒன்று நிர்வாகப் பதிவு, மற்றது வீட்டாரிடம் கேட்டு எழுதிய மதிப்பீடு.

மறைக்கப்படுவன

கோப்பில் பல கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக '<11' என்று இருக்கும். பதினொன்றுக்குக் குறைவானவர்கள் என்று பொருள். சிற்றூர் ஒன்றில் பதின்வயதில் ஆட்டிசம் உள்ளவர் இருவர்தான் என்றால், அவர்களுக்கான சராசரி ஒதுக்கீட்டை அச்சிடுவது ஊரறியப் பெயர் சொல்வதற்குச் சமம். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தாலும் போதாது. மாவட்டத்தின் மொத்தம் 46 என்றும் மற்ற வயதுப் பிரிவுகளின் கூட்டல் 41 என்றும் வைத்துக்கொண்டால், மறைத்த கட்டத்தில் 5 இருப்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆகவே சில இடங்களில் துணைக்கு இன்னொரு கட்டத்தையும் மறைக்க நேரும்.

இந்த எச்சரிக்கைக்கு நாட்டில் ஒரு முன்னனுபவமும் உண்டு. 2016 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய சுகாதாரத் துறை, சுமார் 29 லட்சம் பேரின், மெடிகேர் எனப்படும் அரசு மருத்துவக் காப்பீட்டின் சிகிச்சை, மருந்துப் பதிவுகளைப் பெயர் நீக்கி இணையத்தில் வெளியிட்டது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் கல்னேன், பெஞ்சமின் ரூபின்ஸ்டீன், வனெசா டீக் ஆகியோர் மருத்துவர்களின் மறைக்குறியீட்டை உடைக்க முடிந்ததைச் சுட்டிக்காட்டியதும் செப்டம்பரிலேயே கோப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. பிரசவம், அறுவைச் சிகிச்சை போன்று வெளியே தெரிந்த நிகழ்வுகளைக் கொண்டு நோயாளிகளையும் அடையாளம் காணலாம் என்று 2017 டிசம்பரில் அவர்கள் நிறுவினர். பெயரை அழித்தால் ஆளை மறைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று.

ஆனால் இந்த மறைப்புக்கு விலை கொடுப்பது பெருநகரங்கள் அல்ல. சிட்னியின் மேற்குப் பகுதியில் பெரும்பாலான கட்டங்களில் எண் இருக்கும். உள்நாட்டுச் சிற்றூர்களிலும், பூர்வகுடியினர் வாழும் தொலைதூரப் பகுதிகளிலும் '<11' பல கட்டங்களில் வரிசையாக நிற்கும். எங்கே பயிற்சியாளர் பற்றாக்குறை கடுமையாக இருக்க வாய்ப்புண்டோ, அங்கேதான் அதை எண்ணால் காட்டி வாதாட முடியாத நிலை.

கேட்டுப் பெறுதல்

வெளியிடப்படாததைக் கேட்க 1982ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் வழிசெய்கிறது. விண்ணப்பக் கட்டணம் 2010இல் நீக்கப்பட்டது. பொதுவாக 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இச்சட்டம் தருவது ஆவணத்துக்கான உரிமை, கேள்விக்கான பதில் அல்ல. எனினும் கணினியில் உள்ள தகவலிலிருந்து வழக்கமான முறையில் ஓர் ஆவணத்தை உருவாக்க முடியுமென்றால், உருவாக்கித் தர வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. தரவு கேட்போருக்குப் பிடிமானமே அதுதான். எதிர்ப்பக்கம், கேட்டதைத் தேடித் தொகுப்பது அலுவலகப் பணியையே முடக்கும் என்று காட்டி 24ஆம் பிரிவின்கீழ் மறுக்கலாம். கேள்வி குறுகக் குறுக விடை வரும் வாய்ப்பு கூடும் என்பது இதில் பழகியவர்கள் கண்ட நடைமுறை. மறுத்தால் தகவல் ஆணையரிடம் மறுஆய்வு கோரலாம். இவ்வாறு ஒருவருக்குக் கொடுத்ததை, தனிநபர் விவரம் போன்ற விலக்குகள் பொருந்தாதபட்சத்தில், பத்து வேலைநாளுக்குள் வெளியீட்டுப் பதிவேட்டில் எல்லோருக்கும் வைக்க வேண்டும்.

ஒரு தனிமனிதரின் கோப்பு முற்றிலும் வேறு விஷயம். அதை அவரோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டுப் பெறலாம், என்.டி.ஐ.எஸ். சட்டத்தின்கீழ் அது பாதுகாக்கப்பட்ட தகவல், அனுமதியின்றி வெளியிடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பொதுவில் வெளியாகும் அட்டவணைக்கும் தனிமனிதரின் கோப்புக்கும் நடுவே ஆய்வாளர்களுக்கென ஒரு பாதை: பெயர் நீக்கிய தனிநபர் பதிவுகளைப் புள்ளியியல் துறையின் காவலுள்ள கணினி வெளியில் பார்க்கலாம், வெளியே எடுத்துச் செல்லும் ஒவ்வோர் அட்டவணையும் சோதிக்கப்படும்.

அரசியல் பயன்பாடு

இந்த எண்கள் கோப்பிலேயே தங்கிவிடுவதில்லை. 2023 ஏப்ரலில் மத்திய, மாநிலத் தலைவர்கள் திட்டச் செலவின் ஆண்டு வளர்ச்சியை 8 விழுக்காட்டுக்குள் கொண்டுவர இலக்கு வைத்தனர். 2025 ஆகஸ்ட் 20 அன்று சுகாதார அமைச்சர் மார்க் பட்லர், ஆறு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒருவரும், ஆறு வயதுச் சிறுவர்களில் 16 விழுக்காட்டினரும் திட்டத்தில் இருப்பதாகச் சொல்லி, லேசான அல்லது மிதமான வளர்ச்சித் தாமதமோ ஆட்டிசமோ உள்ள ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் 'திரைவிங் கிட்ஸ்' என்ற தனி ஏற்பாட்டை அறிவித்தார். பெற்றோர் பலர் அந்த 16ஐக் குற்றச்சாட்டாகவே கேட்டார்கள். பிள்ளையைத் திட்டத்தில் சேர்த்தது வேறு உதவி எதுவும் எட்டும் தொலைவில் இல்லாததால்தான் என்பது அவர்கள் தரப்பு. அந்த இல்லாமையை அளக்கும் நெடுவரிசை எந்தக் கோப்பிலும் இல்லை.

புதிய ஏற்பாட்டின்கீழ் மட்டும் உதவி பெறும் குழந்தைகள் என்.டி.ஐ.எஸ். பங்கேற்பாளர்களாக இருக்க மாட்டார்கள். காலாண்டு அட்டவணையில் ஆட்டிசம் வரிசையின் எண் அதனால் குறையக்கூடும். 174ஆம் பிரிவு கேட்பது திட்டத்தின் பங்கேற்பாளர்களையும் அவர்களுக்கான உதவியையும் பற்றிய கணக்கைத்தான்.