மூன்றாவது சக்கரம்: திருவொற்றியூர் புல்லட்டும் பழவேற்காட்டுச் சாலையும்

சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிள் இருசக்கர வாகனமா, இல்லையா? சென்ற பொதுக்குழுவில் பார்க்கிங் பற்றிப் பேசும்போது எழுந்த இந்தக் கேள்விக்கு யாரும் உறுதியாகப் பதில் சொல்லவில்லை. நம் உறுப்பினர் ஒருவர் தகப்பனார் காலத்து புல்லட்டையும் அதன் சைடுகாரையும் செப்பனிட்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு வரை ஓட்டிப் போகிறார். வண்டி டூவீலர் இடத்தில் அடங்குவதில்லை. கார் இடம் அவருக்கு இல்லை.

சட்டத்தில் பதில் தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(27), மோட்டார் சைக்கிள் என்பது இருசக்கர வாகனம் என்று சொல்லிவிட்டு, கூடுதல் சக்கரத்துடன் கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரையும் அதற்குள்ளேயே சேர்த்துக்கொள்கிறது. சக்கரம் மூன்று, கணக்கில் இரண்டு! முப்பது வருஷத்துக்கு மேல் பேரேடு பார்த்தவன் நான்; இப்படி ஒரு டேலியை எங்கும் கண்டதில்லை. ஆனால் அந்த மூன்றாவது சக்கரத்துக்குப் பின்னால் நம் வடசென்னையின் கதை கொஞ்சம் இருக்கிறது. ஓட்டெடுப்புக்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சைடுகார் இங்கிலாந்தில் பரவியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய சைடுகார் வண்டிகளையும் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் அதே சைடுகார் கார் வாங்க முடியாதவர்களின் குடும்ப வாகனம் ஆனது. கணவன் ஓட்ட, மனைவியும் பிள்ளையும் பெட்டியில் உட்காருவார்கள். 1922இல் ஆஸ்டின் செவன், 1959இல் மினி என்று மலிவான கார்கள் வர வர அந்தப் பெட்டி காலியானது.

நம் ஊருக்கு அது வேறு வழியில் வந்தது. ராயல் என்ஃபீல்டை இறக்குமதி செய்து விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டு சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு படிப்படியாக எல்லாமே இங்கே தயாரானது. ராணுவமும் காவல்துறையும்தான் பெரிய வாடிக்கையாளர்கள். 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது, 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றது. தாய் வீடு போன பிறகும் திருவொற்றியூரில் 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. எஞ்சின் அதே 'டப் டப்' சத்தத்துடன் வெளிவந்துகொண்டே இருந்தது. 1994இல் ஐஷர் கைக்கு வந்தது. 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் திறந்தார்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நியூட்ரல் கண்டுபிடிக்க தனியாக ஒரு நெம்புகோல். இதைப் பழகியவர்களுக்குப் புது வண்டி கொடுத்தால் கால் தடுமாறும்.

இங்கே சைடுகார் வீட்டு வாகனமாகப் பெரிதாக வேர்விடவில்லை. குடும்பத்துக்கு ஸ்கூட்டரும், வாடகைக்கு ஆட்டோவும் வந்துவிட்டன. 1980இல் டி.வி.எஸ். 50, 1983 டிசம்பரில் மாருதி 800. இங்கிலாந்தில் மினி செய்த வேலையை இங்கே இவை செய்து முடித்தன. 'ஷோலே' படத்தில் (1975) இரண்டு நண்பர்கள் ஓட்டும் சைடுகார் வண்டியைத்தான் பலரும் இன்று நினைவு வைத்திருக்கிறார்கள். அது புல்லட் அல்ல, போர்க்காலத்து பி.எஸ்.ஏ.

ஆனால் மோட்டார் சைக்கிளோடு பெட்டி சேர்க்கும் யோசனை வடசென்னையில் சாகவில்லை. உருமாறி மீன்பாடி வண்டி ஆனது. முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் பெட்டி, பின்னால் ஓட்டுபவர். அந்த மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் எஞ்சினைப் பூட்டிவிடுவார்கள். காசிமேட்டில் மீன் ஏற்றிய வண்டி, கம்பியும் சிமெண்டும் ஏற்றியது. பிரேக்கும் பதிவும் இல்லாத அதைப் போலீஸ் அவ்வப்போது பறிமுதல் செய்கிறது. அதில் தவறில்லை. இருந்தாலும் காயலான் கடைக்குப் போக வேண்டிய எஞ்சின்களை உயிரோடு வைத்திருந்த பட்டறைக்காரர்களில் பலர் இந்த வண்டிகளால்தான் பிழைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இன்று பழைய புல்லட்டைச் செப்பனிட நாம் தேடிப் போவது அந்தக் கைகளைத்தான்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு அது பொருந்தும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. புது எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நிபந்தனை முக்கியம்: இப்படிப் பதிவு செய்தால் தினசரி உபயோகமும் வியாபார உபயோகமும் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம். ஆகவே உங்கள் வீட்டில் அப்பாவின் வண்டி மூலையில் கிடந்தால், எந்தப் பதிவு வேண்டும் என்று யோசித்து முடிவு செய்யுங்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தொலைக்காதீர்கள். சைடுகார் அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எடைக்குப் போட்ட பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

நம் உறுப்பினரின் வண்டிக்குப் பாகங்கள் கிடைத்தது புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும். எஞ்சின் சுலபமாக முடிந்தது. சைடுகாரை நேர் பிடிப்பதுதான் மாதக்கணக்கில் இழுத்தது. இரண்டு நேரான மரச்சட்டங்களைச் சக்கரங்களின் ஓரமாக வைத்து அளக்கிறார்கள். சைடுகார் சக்கரம் முன்பக்கம் வண்டியை நோக்கிச் சிறிதளவு திரும்பியிருக்க வேண்டும். வண்டி சைடுகாரை விட்டு வெளிப்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்க வேண்டும். இது தப்பினால் கைப்பிடியோடு மல்லுக்கட்டியே தோள் இறங்கிவிடும். நம் நாட்டில் சைடுகார் இடது பக்கம் என்பதால், ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் வண்டி இடதுபக்கம் இழுக்கும், பிரேக் போட்டால் வலதுபக்கம் போகும். இடதுபக்கம் வேகமாகத் திரும்பினால் காலிப் பெட்டி தரையை விட்டு எழும்பும். அதனால் ஆள் இல்லாதபோது ஒரு மணல் மூட்டை வைத்து ஓட்டுகிறார்.

ஒரு தடவை அந்த மணல் மூட்டைக்குப் பதில் நான் போனேன். மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் சாலையில் கூட்டம் குறைகிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்டிரியா கோட்டை கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. மீன் படகில் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் பட்டணம் போன காலமும் போய்விட்டது. இப்போது மொபெட்டிலும் மினி லாரியிலும் ஐஸ் பெட்டியாகப் போகிறது. கோட்டைக்குப்பம் பக்கம் வண்டியை நிறுத்தியதும் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சுற்றி வந்து பார்த்தார். நம்மவரிடம், "தம்பி, இதுல எத்தன பொட்டி ஏறும்?" என்றார். எந்த வருஷத்து மாடல், என்ன விலை என்று கேட்கும் நகரத்துக்காரர்களைவிட அவர்தான் சைடுகாரைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்று எனக்குப் பட்டது.

அந்தக் கிராமங்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. ஏரியையே அப்படிப் பங்கிட முடிகிறது. விருந்தினர் பார்க்கிங்கில் இருக்கும் ஓர் இடத்தைப் பற்றி நாம் இரண்டு கூட்டம் நடத்திவிட்டோம். என் அபிப்பிராயம்: சட்டம் இருசக்கரம் என்று சொன்னாலும் வண்டி பிடிப்பது காருக்கு நெருக்கமான இடம். கார் கட்டணம் வாங்கிக்கொண்டு, முறை வைத்து இடம் கொடுக்கலாம். 'வாகனமே கூடாது' என்ற தீர்மானத்துக்கு நான் கை தூக்க மாட்டேன்.

அன்று திரும்பும்போது பெட்டியில் என் காலடியில் இறாலும் நண்டும் ஐஸ் போட்டு வந்தன. ஏரிக் காற்றில் உப்பு. ஐஸ் உருகினால் அதுவும் உப்புத் தண்ணீர். பெட்டித் தகட்டையும் கிளாம்புகளையும் முதலில் அரிப்பது அதுதான். எனவே வந்தவுடன் அடித்தட்டின் ரப்பர் விரிப்பை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, கிளாம்புகளில் கிரீஸ் தடவிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் போனார். இறாலை அதற்குள் நான் பங்கு போட்டு முடித்திருந்தேன்.