போர்ப் பதக்கத் தகுதி அறிதல் (இந்தியப் படை, 1939–45)

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியத் தரைப்படையில் இருந்த உறவினர் ஒருவருக்கு எந்தெந்தப் போர்ப் பதக்கங்கள் உரியவை என்பதை, அவர் எந்தத் தேதியில் எந்த மண்ணில் இருந்தார் என்பதை வைத்தே கண்டறிய வேண்டும். பதவியோ, கண்ட சண்டைகளின் எண்ணிக்கையோ கணக்கில் வராது. வீரச்செயலுக்கான விருதுகள் வேறு வகை; அவை பெயரோடு அரசிதழில் வெளிவந்தவை. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து தோழர்களைக் காத்து உயிர்விட்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) சுபேதார் சுப்பிரமணியனுக்குக் கிடைத்த ஜார்ஜ் கிராஸ் அத்தகையது.

28 நாள் முழுநேரப் பணி செய்த எவருக்கும் போர்ப் பதக்கம் (வார் மெடல்) உண்டு. போர்முனைப் பகுதியில் பொதுவாக 180 நாள் இருந்தவருக்கு 1939–45 நட்சத்திரம். களத்துக்கு உரிய நட்சத்திரங்களுக்குத் தரைப்படையினர் ஒரு நாள் அங்கே பணியில் இருந்தாலே போதும். வட ஆப்பிரிக்காவில் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை இருந்தவருக்கு ஆப்பிரிக்கா நட்சத்திரம். எரித்திரியாவில் கெரன் போரில் நின்றவர்களும் இதில் அடங்குவர். 1943 ஜூன் 11 முதல் இத்தாலியில் இருந்தவருக்கு இத்தாலி நட்சத்திரம். பர்மா நட்சத்திரம் 1941 டிசம்பர் 11-இல் தொடங்குகிறது. பர்மாவுக்குள் கால் வைக்காதவருக்கும் இது கிடைத்திருக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை: 1942 மே முதல் 1943 இறுதிவரை வங்காளத்திலோ அசாமிலோ பணியாற்றியதும் தகுதியே. மலேயாவில் போரிட்டவருக்குப் பசிபிக் நட்சத்திரம். பர்மா, பசிபிக் இரண்டுக்கும் தகுதி இருந்தால் ஒன்றுதான் தரப்படும், மற்றதற்கு ரிப்பனில் ஒரு பட்டை. உள்நாட்டில் போர்முனை அல்லாத பணியில் 3 ஆண்டு இருந்தவர்களுக்கு இந்தியப் பணிப் பதக்கம் இருந்தது. டிஃபென்ஸ் மெடல் என்ற வேறொரு பதக்கம் பெற்றவருக்கு அது கிடையாது.

வீட்டுப் பெட்டியில் நட்சத்திரம் இருந்தால் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்தியருக்கு வழங்கியவற்றின் பின்புறத்தில் படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. பெயரைவிட எண்ணே உறுதியான சான்று. முத்துசாமியும் சுப்பையாவும் ஆங்கில எழுத்தில் பட்டாள எழுத்தர் கைக்குத் தக்கபடி மாறியிருப்பார்கள். பதக்கம் இல்லாத வீட்டில் டிஸ்சார்ஜ் சான்றே முதல் ஆதாரம். அதிலுள்ள எண்ணும் பிரிவும் தெரிந்தால், அந்தப் பிரிவின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம்: மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. எழுதத் தெரியாதவர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். பிரிவின் அன்றாடப் போர்க்குறிப்பு, அது எந்த நாளில் எங்கே முகாமிட்டிருந்தது என்று காட்டும். ஆனால் அவர் அன்று விடுப்பிலோ மருத்துவமனையிலோ இருந்தாரா என்பதைத் தனிப் பணிப்பதிவேடே சொல்லும்.

பழைய புகைப்படத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது சரியல்ல. கறுப்பு வெள்ளையில் ரிப்பன்களின் நிறம் தெரியாது. நட்சத்திரங்கள் முன்னும் போர்ப் பதக்கம் பின்னும் வரும் வரிசை மட்டுமே ஓரளவு உதவும். போர்ப் பதக்க ரிப்பனில் சிறு வெண்கல ஓக் இலை தெரிந்தால், அவர் பெயர் தளபதியின் அறிக்கையில் பாராட்டிக் குறிக்கப்பட்டிருக்கிறது, அரசிதழில் தேடலாம்.

1947-க்குப் பிறகும் படையில் தொடர்ந்தவர்களுக்கு இந்திய விடுதலைப் பதக்கமும், காஷ்மீரில் பணியாற்றியிருந்தால் 'ஜம்மு காஷ்மீர்' பட்டையுடன் 1947 பொதுப்பணிப் பதக்கமும் சேரும்.