நெல்லையில் பங்குகளைத் தேடிய பேராசிரியர்

பங்கு என்றவுடன் வணிகவியல் படிப்பவர்களுக்கு மும்பை தலால் தெருதான் ஞாபகம் வரும். அங்கே பங்குச் சந்தை சங்கம் தொடங்கியது 1875இல். தாமிரபரணிக் கரையில் அதற்கு வெகு காலம் முன்பே பங்கு வாங்கினார்கள், விற்றார்கள், அடகு வைத்தார்கள். கம்பெனிப் பங்கு அல்ல, ஊர்ப் பங்கு!

இதை ஆராய்வதில் தன் கல்வி வாழ்க்கையின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் டேவிட் லட்டன் என்ற அமெரிக்க வரலாற்று ஆசிரியர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1978இல் திருநெல்வேலி மாவட்டத்தைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேயே பல வருடம் பாடம் நடத்திவிட்டுப் பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த புத்தகம் 1985இல் பிரின்ஸ்டன் வெளியீடாக வந்தது. தென்னிந்திய விவசாயிகளின் வரலாறு என்று அதன் பெயர் இருந்தாலும், உள்ளே இருப்பது முழுக்க நெல்லைதான்.

முதலில் அந்தப் பங்கைப் பார்த்துவிடுவோம். ஆற்றுப் பாசன ஊர்கள் பலவற்றில் மிராசுதாருக்கு "இந்த வயல் என்னுடையது" என்ற உரிமை கிடையாது. ஊரில் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று பங்குதான் உண்டு. குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை வயல்களைப் பிரித்து மாற்றிக்கொள்வார்கள். இதற்குக் கரையீடு என்று பெயர். பங்கோடு தண்ணீரும் வரும், தரிசும் வரும், வீட்டு மனையும் வரும். (மாகாணி, முந்திரி என்று நம் முன்னோர் இவ்வளவு சின்னச் சின்ன பின்னங்களுக்குப் பெயர் வைத்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?)

சரி, அந்தப் பங்குக்கு விலை எப்படி வந்தது? மண்ணின் தரத்தால் என்று நினைத்தால் பாதிதான் சரி. லட்டன் மாவட்டத்தை நன்செய்ப் பகுதி, புன்செய்ப் பகுதி, இரண்டும் கலந்த பகுதி என்று பிரித்துக்கொண்டார். ஆற்றங்கரையில் கன்னடியன், நதியுண்ணி, மருதூர் போன்ற பழைய அணைகளின் தயவில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். வடக்கே கரிசலில் பருத்தி, கம்பு, வானம் பார்த்த வாழ்க்கை. ஆற்றங்கரையில் பிராமணர், வேளாளர் மிராசு. கரிசலில் பாளையக்காரர் ஆட்சி. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு அரசியல், இரண்டு நிலச் சந்தை.

பாளையப் பகுதியில் நிலம் கைமாறியது வாளால். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியின் ஊர்களில் ஒரு பகுதி, கம்பெனிக்கு உதவிய எட்டயபுரத்துக்குப் போனது. நிலத்தை விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை.

ஆற்றங்கரையில் இதே வேலையைச் சத்தமில்லாமல் கச்சேரி செய்தது. 1801இல் கம்பெனி வரி நிர்வாகத்தை நவாபிடமிருந்து எடுத்துக்கொண்டது. கணக்கு எழுதவும் மதிப்புப் போடவும் படித்த ஆட்கள் வேண்டுமே! அவர்கள் பெரும்பாலும் மிராசுதார் சமூகங்களிலிருந்தே வந்தார்கள். வரி போடுபவரும் வரி கட்டுபவரும் சொந்தக்காரர்கள் என்றால் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அடுத்தது பணம். இதுதான் மிகச் சுவாரசியமான இடம். முன்பு அரசுக்கு விளைச்சலில் ஒரு பாகம் நெல்லாகப் போகும். விளைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதையே ரூபாயாக மாற்றி நிர்ணயித்தால்? நெல் விலை இறங்கும்போது வரி கழுத்தை நெரிக்கும். ஏறும்போது வரி லேசாகிவிடும். சென்னை மாகாணத்தில் 1820களின் நடுவிலிருந்து சுமார் முப்பது வருடம் விலைகள் மந்தமாகக் கிடந்தன. 1850களுக்குப் பிறகு ஏற ஆரம்பித்தன. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் கரிசல் பருத்திக்கும் யோகம் அடித்தது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. வரி அப்படியே நிற்க விலை மட்டும் ஏறினால், வித்தியாசம் முழுவதும் நிலம் வைத்திருப்பவர் பைக்குத்தான். நிலத்தின் மதிப்பும் ஏறத்தானே செய்யும்?

ஆங்கிலேயர் வரும்வரை நம் கிராமங்கள் காசு தெரியாத, மாறாத உலகமாக இருந்தன என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். லட்டன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1823இல் கம்பெனி எடுத்த திருநெல்வேலிக் குடிக்கணக்கை வைத்து 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். ஊர் ஊராக மக்களையும் தொழில்களையும் பார்த்து, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இங்கே வணிகம் வேரூன்றியிருந்தது என்று வாதாடினார். 2005இல் பழைய புத்தகம் ஆக்ஸ்போர்டு வெளியீடாக மறுபடி வந்தபோது பெயரே மாறிவிட்டது. தலைப்பிலிருந்து விவசாயி போய் "ஆரம்பகால முதலாளித்துவம்" வந்து உட்கார்ந்தது.

இந்தத் தலைப்பு மாற்றம் தைரியமானதுதான். ஆனால் அங்கேதான் ஒரு இடறலும் இருக்கிறது. பங்கை விற்கலாம், வாங்கலாம், சரி. அந்த வயலில் இறங்கி நட்டவர்கள், அறுத்தவர்கள்? பள்ளர், பறையர் பண்ணையாட்களுக்கு ஊரில் முந்திரி அளவு பங்குகூடக் கிடையாது. பல இடங்களில் அவர்களுடைய உழைப்பே மிராசு உரிமையோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சொத்தாக நடத்தப்பட்டது. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்ற சட்டம் 1843இல்தான் வந்தது. கூலியாளுக்கு வேறு இடம் போக உரிமை இல்லாத சந்தையை முதலாளித்துவம் என்று சொல்லலாமா? "ஆரம்பகால" என்ற அடைமொழி எவ்வளவு பாரத்தைத்தான் தாங்கும்?